விசாரணை என்னும் சொல்: முதியோர் இல்லங்களைப் பார்வையிடும் மரபு குறித்து ஒரு வரலாற்று நோக்கு

தமிழ்த் திருமறையின் பழைய மொழிபெயர்ப்பில் 'விசாரணை' என்னும் சொல் வழங்கும் இடங்கள் ஊன்றி நோக்கத்தக்கவை. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில், எருசலேம் திருச்சபையின் கைம்பெண்களுக்கு நாள்தோறும் நடைபெற்ற உணவுப் பணிக்கு அச்சொல்லே பெயராயிற்று. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் நோயுற்றவரைக் காணச் செல்வதும், யாக்கோபின் நிருபத்தில் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ஆதரிப்பதும் 'விசாரித்தல்' எனவே குறிக்கப்படுகின்றன. முதலிடத்தில் கிரேக்க மூலச்சொல் 'தியாக்கோனியா', அதாவது தொண்டு. பின்னிரண்டிலும் மூலச்சொல் 'எப்பிஸ்கெப்தொமாய்', அதாவது சென்று காணுதல், கண்ணோட்டம் செலுத்துதல். கண்காணி அல்லது பேராயர் எனப் பொருள்படும் 'எப்பிஸ்கோப்பொஸ்' என்னும் சொல்லும் இதே வேரினின்று முளைத்ததாகும். கத்தோலிக்கத் திருச்சபையினர் பங்குக்குரு ஒருவரை 'விசாரணைக் குரு' என்று வழங்கி வந்ததும் இவ்வழி வந்த வழக்கே.

இன்றோ, விசாரணை என்றவுடன் காவல் நிலையமும் நீதிமன்றமுமே நம் மனக்கண்முன் நிற்கின்றன. ஒருவரை அன்புடன் நலம் விசாரிப்பது ஒன்று, ஒரு நிறுவனத்தைக் குற்றங்காணும் நோக்குடன் விசாரிப்பது வேறொன்று என நாம் பிரித்துவிட்டோம். முன்னதைத் திருச்சபையின் பணி என்றும், பின்னதை அரசின் வேலை என்றும் பங்கிட்டும் கொண்டோம். இப்பிரிவினை எவ்வளவு பிற்காலத்தது என்பதையும், அதனால் முதியோர் இல்லங்களில் வாழ்வோர்க்கு நேர்ந்த இழப்பு யாது என்பதையும் சற்றே வரலாற்றின் வழியாகக் காண விழைகிறோம்.

தொடக்கமே ஒரு முறையீடுதான். கிரேக்க மொழி பேசிய விதவைகள் பந்தியில் புறக்கணிக்கப்பட்டனர் என்று முறுமுறுப்பு எழுந்தது. திருச்சபை நடத்திய பராமரிப்புப் பணியில் தரக்குறைவு உண்டு என்னும் முதற் குற்றச்சாட்டு இது. அப்போஸ்தலர் அதனை மறுக்கவுமில்லை, முறையிட்டோரை விசுவாசத்தில் குறைந்தவர்கள் எனக் கடிந்துகொள்ளவுமில்லை. எழுவரைத் தெரிந்தெடுத்து அப்பொறுப்பில் அமர்த்தினர். எழுவர் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பது விரிவுரையாளர் பலரும் சுட்டிக்காட்டும் செய்தி. குறையுற்றோர் தரப்பினரிடமே பந்தி ஒப்படைக்கப்பட்டது போலும்.

நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியாவின் செசரியா நகர்ப்புறத்தில் பேராயர் பசிலியு நிறுவிய ஏழையர் இல்லம் நம் மாணவர் யாவரும் அறிந்தது. ஆனால், அவ்வில்லத்தைக் குறித்து ஆளுநர் எலியாவின் செவிக்குப் புகார்கள் எட்டியதையும், பசிலியு தம் 94ஆம் கடிதத்தில் அவற்றுக்கு விளக்கம் எழுதியதையும் நாம் அத்துணை நினைவுகூர்வதில்லை. இது ஆண்டவரின் பணி, அரசுக்கு இங்கென்ன வேலை என அவர் எழுதவில்லை. எதைக் கட்டினோம், எவருக்காகக் கட்டினோம், இதனால் எவருக்கு என்ன தீங்கு என்று கணக்குச் சொல்வார் போன்றே எழுதினார். கி.பி. 451இல் கூடிய கல்கேதோன் சங்கம் தன் எட்டாம் விதியில், ஏழையர் இல்லங்களில் பணியாற்றும் குருமார் அந்நகரப் பேராயரின் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் என வரையறுத்தது. ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் யுஸ்தினியானின் சட்டத் தொகுப்பில் முதியோர் இல்லம் தனிப்பெயர் பெற்றுவிட்டது. கிரேக்கத்தில் அது 'கெரோகோமியோன்'. முதியோர்க்கென்றே தனி இல்லம் என்பது நம் காலத்துப் புதுமை அன்று.

இடைக்காலத்தில் இவ்விடுதிகள் பல சீர்கெட்டன. 1311–1312இல் கூடிய வியன்னே சங்கம், விடுதிகளின் தலைவர்கள் கட்டடங்களைப் பாழடைய விட்டதையும், ஏழைகளுக்கென அளிக்கப்பட்ட வருவாயைத் தம் பயனுக்கு மாற்றிக்கொண்டதையும் கண்டித்தது. தகுதியுடையோரே பொறுப்பேற்கவும், பொருட்பட்டியல் எழுதி வைக்கவும், ஆண்டுதோறும் பேராயரிடம் கணக்கு ஒப்புவிக்கவும் ஆணையிட்டது. தன் நிறுவனங்களில் நடந்த சீர்கேட்டைத் திருச்சபை தானே ஊரறியச் சொல்லிச் சட்டமியற்றிய நிகழ்ச்சி இது. நம் நாளில் இத்தகைய தீர்மானம் ஒன்றைத் திருமண்டலப் பேரவையில் முன்மொழிபவர் பெறக்கூடிய வரவேற்பை எண்ணிப் பார்க்கலாம்.

சீர்திருத்தக் காலத்துக்கு வருவோம். ஜெனீவா நகரில் புனித கிளாரா மடத்துக் கட்டடத்தில் 1535இல் பொது மருத்துவ இல்லம் ஒன்று தொடங்கப்பெற்றது. பெயர் மருத்துவ இல்லமாயினும், நோயாளர் மட்டுமன்றி, உழைக்க இயலாத முதியோரும் கைம்பெண்களும் தாய்தந்தையற்ற பிள்ளைகளும் அதில் வாழ்ந்தனர். கால்வின் வரைந்த 1541ஆம் ஆண்டின் திருச்சபை ஒழுங்குமுறை உதவிக்காரரை இருவகையாகப் பிரிக்கிறது. ஒரு சாரார் ஏழைகளின் உடைமையைக் காத்துப் பங்கிடுவோர், மறு சாரார் நோயாளரை அருகிருந்து பேணுவோர். முதியோரும் பிள்ளைகளும் நோயாளரினின்று தனியே தங்கவேண்டும் எனவும் அது கூறுகிறது. நம் பொருளுக்கு இன்றியமையாத விதி இனிமேல்தான் வருகிறது. போதகர்களும் மூப்பர்களும் நகராட்சித் தலைவர் ஒருவருடன் சேர்ந்து அவ்வில்லத்தின் நிர்வாகத்தில் குறை ஏதும் உண்டா என ஆராயவேண்டும். அதற்கென அவர்களுள் சிலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் சென்று யாவும் ஒழுங்காக உள்ளனவா எனக் காணவேண்டும்.

இவ்விதியின் அமைப்பு கூர்ந்து நோக்கற்பாலது. இல்லத்தை நடத்தும் உதவிக்காரரும் திருச்சபையின் ஊழியரே. எனினும் அவர்களே தம்மைச் சோதித்து நற்சான்று வழங்கிக்கொள்ள இடமில்லை. நடத்துபவர் ஒருவர், பார்வையிடுபவர் வேறொருவர். திருச்சபையும் நகர ஆட்சியும் ஒரே வாயிலினூடே உள்ளே நுழைகின்றன. ஆண்டுக்கு நான்கு முறை என்னும் எண்ணிக்கையும் எழுத்தில் உள்ளது. ஜெனீவாவின் ஒழுக்காற்றுக் கடுமையை நாம் போற்றுவதில்லை. ஆயின் இவ்வொரு விதியைப் பொறுத்தமட்டில் கால்வினுக்கு மனிதரைப் பற்றிய தெளிவு இருந்தது என்போம். நல்ல நோக்கமுடையவர்களும் பார்ப்பாரில்லாத இடத்தில் தளர்ந்துபோவர் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இம்மரபு நம் மண்ணுக்கு அயலானது என எண்ண வேண்டியதில்லை. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டில் 1613 முதல் நிலைபெற்ற ஒல்லாந்தரின் கெல்டிரியாக் கோட்டையில் சீர்திருத்தத் திருச்சபையின் போதகர்கள் பணிபுரிந்தனர். இந்து சமயத்தைக் குறித்து ஐரோப்பிய மொழியில் விரிவாக எழுதிய முன்னோடிகளுள் ஒருவரான ஆபிரகாம் ரொகேரியு 1630களில் அங்கே போதகராய் இருந்தார். ஏழைகளின் நிதி உதவிக்காரர் பொறுப்பில் இருக்கவேண்டும் என்னும் ஜெனீவா வழிமுறையே அவர் சார்ந்த திருச்சபையின் ஒழுங்கும் ஆகும். பழவேற்காட்டு ஏரிக்கு மேற்கே, பேருந்தில் செல்லும் தொலைவில், கும்மிடிப்பூண்டி உள்ளது.

சென்னையின் வடபுறத்திலும் ஒரு பழைய சான்று உண்டு. ஐதர் அலியின் படையெடுப்பை ஒட்டிய பஞ்சத்தின்போது, 1782இல், இராயபுரப் பகுதியில் தோன்றிய கஞ்சித் தொட்டியே மணியக்காரர் சத்திரம். 1799இல் அதனுடன் மருத்துவமனை ஒன்று இணைந்தது. பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது அதுவே. சத்திரமோ ஆதரவற்ற முதியோரின் இல்லமாக இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் நிலைத்திருக்கிறது. பஞ்சத்துக்கெனத் திறந்த வாயில் முதுமைக்கெனத் திறந்தே நின்றுவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஏழை விடுதிகளில் நிகழ்ந்தவை பார்வையிடலின் வகைகளை நமக்குப் பிரித்துக் காட்டுகின்றன. அவ்விடுதிகளுக்கு அரசின் ஆய்வாளர்கள் இருந்தனர். அவர்கள் வந்தனர், ஏடுகளைக் கண்டனர், அறிக்கை எழுதினர். 1853இல் லூயிசா டுவைனிங் என்னும் பெண்மணி, தமக்கு அறிமுகமான மூதாட்டி ஒருவரைக் காண லண்டனின் ஸ்ட்ராண்ட் விடுதிக்குச் சென்றார். விசாரித்தற்குச் சென்றார் என்றே நம் திருமறை வழக்கில் சொல்லலாம். அங்குக் கண்டதைப் பொறுக்கமாட்டாமல், பெண்கள் முறையாக வந்து முதியோருடன் அமர இசைவு வேண்டினார். அதிகாரிகள் மறுத்தனர். அவர் விடவில்லை. 1858இல் விடுதிப் பார்வையாளர் சங்கம் உருவாயிற்று. சங்கத்தினர்க்குச் சட்ட அதிகாரம் எதுவுமில்லை. கட்டிலருகே அமர்ந்து, வாசித்துக் காட்டி, பேச்சுக் கொடுத்தனர். ஆயினும் தாதியர் பலர் அதே விடுதியில் வாழும் பயிற்சியற்ற ஏழைகளே என்பதும், இரவில் நோயாளரைக் கவனிப்பாரில்லை என்பதும் இவர்களைப் போன்றோர் வாயிலாகவே நாட்டோர்க்குத் தெரியலாயின. 1864இல் திமொத்தி டேலி என்னும் தொழிலாளி ஹோல்பர்ன் விடுதியில் உண்டான படுக்கைப்புண்ணால் மடிந்தபோது எழுந்த கொதிப்பின் விளைவாக, 'லான்செட்' மருத்துவ இதழ் மருத்துவர் குழுவொன்றை அமைத்து லண்டன் விடுதிகளின் நோயாளர் பகுதிகளை ஆராய்ந்தது. 1867இன் பெருநகர ஏழையர் சட்டத்துக்கு அது வழிகோலியது.

இன்னுமொரு நூற்றாண்டு கழிந்தபின் பீட்டர் டவுன்செண்ட் என்னும் சமூகவியல் அறிஞர் இதனையே மீண்டும் செய்யவேண்டியதாயிற்று. 1948இன் சட்டம் பழைய ஏழை விடுதி முறையை ஒழித்துவிட்டதாக நாடு நம்பியிருந்தது. இனி இல்லத்தில் வாழும் முதியவருக்கும் அதன் மேலாளருக்கும் உள்ள உறவு, விருந்தினருக்கும் விடுதிக்காரருக்கும் உள்ள உறவாக இருக்கும் என அமைச்சர் பீவன் கூறியிருந்தார். டவுன்செண்ட் 1958–59இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 இல்லங்களுக்கு நேரில் சென்றார். முன்னாள் ஏழை விடுதி ஒன்றில் தாமே பணியாளராகச் சேர்ந்து முதியோரைக் குளிப்பாட்டும் வேலையும் செய்து பார்த்தார். 1962இல் வெளிவந்த அவரது நூல், பெயர்ப்பலகை மாறிய கட்டடங்களில் பழைய வாழ்வே தொடர்ந்ததைக் காட்டியது. அவர் கேட்டறிந்தவை எளியவை: இவருக்குச் சொந்தமாக என்ன பொருள் இருக்கிறது? நண்பர் எவரேனும் உண்டா? இவரைக் காண யார் வருகிறார்?

1966இல் மருத்துவ அறிஞர் அவேடிஸ் டொனபேடியன், பராமரிப்பின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என மூவகையில் அளக்கலாம் என விளக்கினார். கட்டடமும் கட்டிலும் ஆள் எண்ணிக்கையும் அமைப்பு. ஒருவரை எப்படி எழுப்பினர், எப்படி ஊட்டினர் என்பது செயல்முறை. அதனால் அவர் என்ன ஆனார் என்பது விளைவு. உலகெங்கும் ஆய்வாளர்கள் எளிதில் அளப்பது முதலாவதையே. அளவுநாடா கொண்டு அறையை அளந்துவிடலாம். தண்ணீர் கேட்டவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதை அளக்க ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. மாவட்டந்தோறும் குறைந்தது ஓர் இல்லமாக, வறிய முதியோர் 150 பேர் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசுகள் நிறுவலாம் என அதன் 19ஆம் பிரிவு கூறுகிறது. 'நிறுவவேண்டும்' என்றில்லை, 'நிறுவலாம்' என்றே உள்ளது. தனியார் இல்லங்களைப் பதிவு செய்வதையும் அவற்றின் தரத்தையும் குறித்து அச்சட்டம் தன்னளவில் வலுவாக எதுவும் சொல்லவில்லை. தமிழகத்தில் 2009இல் விதிகள் வகுக்கப்பட்டன. முதியோர் இல்லங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2016இல் அரசாணையாக வந்தன. பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் நாடு முழுவதும் சட்டமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்டது; நிறைவேறாமலே, 2024இல் அந்த மக்களவையின் ஆயுளோடு அதுவும் முடிந்தது. 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் நாட்டு மக்களுள் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேராக இருக்க, தமிழகத்தில் 10.4 பேராக இருந்தனர். மற்ற மாநிலங்கள் பலவற்றுக்கு முன்னரே முதுமை நம் வாயிலுக்கு வந்துவிட்டது.

பாலேஸ்வரத்து நிகழ்ச்சியை நாம் மறைத்துப் பேசுவதில் பயனில்லை. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் அருகே, இறக்கும் தறுவாயில் உள்ள ஆதரவற்றோர்க்கென 2011இல் தொடங்கப்பெற்ற புனித ஜோசப் கருணை இல்லம் அது. 2018 பெப்ருவரியில் அவ்வில்லத்தின் வண்டியிலிருந்து மூதாட்டி ஒருவர் எழுப்பிய கூக்குரல் கேட்டு ஊரார் வண்டியை மறித்தனர். இறந்தவர் ஒருவரின் உடலோடு உயிருள்ள முதியோரும் காய்கறியும் அதில் இருக்கக் கண்டனர். அதன்பின் வருவாய்த் துறையும் நலத்துறையும் மருத்துவரும் சென்றனர். உரிமம் புதுப்பிக்கப்படாதது பேசப்பட்டது. இறந்தோரைச் சுவரறைகளில் அடக்கும் முறை கேள்விக்குள்ளாயிற்று. முந்நூறுக்கும் மேற்பட்டோர் வெவ்வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டனர். பரவிய கொடிய வதந்திகளை இல்லத்தார் மறுத்தனர். அவற்றை நாமும் இங்கே எடுத்துரைக்கப் போவதில்லை. தெருவில் புழுத்துக் கிடந்தவர்களை வேறெவரும் தொடாதபோது அள்ளிச் சென்றவர்கள் அவர்கள் என்னும் வாதத்தையும் நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. கிறிஸ்தவ நிறுவனம் என்பதனாலேயே இத்துணைக் கூச்சல் என்று அந்நாளில் நம்மவர் பலர் மனம் புண்பட்டனர். அதில் ஓரளவு உண்மை இருத்தல் கூடும். எனினும் ஆளுநரின் வினாவுக்கு விடையெழுதிய பசிலியுவின் மரபில் வந்தோர் புண்பட்டதோடு நின்றுவிடல் தகாது. ஏழாண்டுகளாக நடந்த அவ்வில்லத்தின் உள்வாழ்வு, வண்டியிலிருந்து ஒரு மூதாட்டி கூவியதனாலேயே வெளிவந்ததா என்பதே நம்மை உறுத்தவேண்டிய கேள்வி.

2023 பெப்ருவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்புஜோதி ஆசிரமத்தின் நிலை வெளிப்பட்டதும் இவ்வாறே. அங்குச் சேர்க்கப்பட்ட உறவினர் ஒருவரைக் காணோம் எனத் தேடியவர்கள் உயர்நீதிமன்றத்தில் தொடுத்த ஆட்கொணர்வு மனுவே தொடக்கம். அதன் பின்னரே அதிகாரிகளின் சோதனை. உரிமமின்றி நடந்ததும் அப்போதுதான் வெளியாயிற்று. ஓரிடத்தில் கூக்குரல், மற்றோரிடத்தில் உறவினரின் தேடல். இரண்டும் பழைய பொருளில் விசாரணைகள். புதிய பொருளில் விசாரணை பின்னாலேயே வந்தது.

திருவள்ளூரிலிருந்து செங்குன்றம் வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை இன்று நாம் காண்பது என்ன? சிப்காட் வளாகம் வந்தபின் வயல்கள் கைமாறின. பிள்ளைகள் ஆலை வேலைக்கும் நகரத்துக்கும் சென்றனர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இளைஞர்கள் வந்து குடியேறினர். வீடுகளில் எஞ்சியோர் முதியோர். நகரத்தைவிட வாடகை குறைவாதலின், சென்னையின் முதியோரும் இப்புறநகர் இல்லங்களுக்குக் கொண்டுவரப்படுகின்றனர். கும்மிடிப்பூண்டியின் இலங்கை அகதிகள் முகாமில் இளமையில் வந்து முதுமையடைந்தோரும் உளர். தொழிற்சாலைக் கொதிகலனுக்கு ஆய்வாளர் உண்டு, அதன் சான்றுக்குக் காலக்கெடுவும் உண்டு. அதே சாலையில் வாடகை வீட்டில் இருபது முதியோரை வைத்திருப்பவரிடம் கடைசியாக எவர் எப்போது வந்து பார்த்தார் எனக் கேட்டால் விடை தெளிவாக வருவதில்லை. மாவட்டச் சமூகநல அலுவலர் ஒருவருக்கு எத்தனை பணிகள்! அவரைக் குறைகூறுவது எளிது.

நம் சபைகள் செல்வதில்லை என்றும் சொல்ல முடியாது. கிறிஸ்து பிறப்புப் பண்டிகையிலும் அறுவடைத் திருநாளிலும் வாழைப்பழமும் போர்வையும் இனிப்புமாகச் செல்கிறோம். கீதங்கள் பாடுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். நாம் வரும் நாள் இல்லத்தார்க்கு முன்னரே தெரியும். அன்று தரை கழுவப்பட்டிருக்கும், அனைவரும் வரிசையாக உட்கார்த்தி வைக்கப்பட்டிருப்பர். எழ முடியாதவர்கள் உள்ளறையில் இருப்பர். அவ்வறைக்குள் செல்வோர் நம்மில் மிகச் சிலர். திருவிருந்து வழங்கச் செல்லும் ஆயருக்கோ அவ்வறை திறந்தே ஆகவேண்டும். அரசு ஆய்வாளருக்கும் கிட்டாத வாய்ப்பு இது. படுக்கையின் ஈரம், நகத்தின் நீளம், பணியாளர் அருகே வரும்போது முதியவரின் கண்கள் செல்லும் திசை ஆகியவற்றை அவர் காணாமலிருக்க வேண்டுமாயின் முயன்று தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பணியாளர் இல்லாத வேளையில் ஐந்து நிமிடம் தனியே பேச வேண்டும் என அவர் கேட்பதில் முறைகேடு ஒன்றுமில்லை. மறுத்தால், அம்மறுப்பே ஒரு செய்தி. 2021 முதல் இயங்கும் 14567 என்னும் முதியோர் உதவி எண்ணை உள்ளறையில் இருப்போர் அறிவரா எனவும் கேட்கலாம்.

இறையியற் கல்லூரி மாணவர்களின் களப்பணியில் முதியோர் இல்லமும் ஒன்றாக இருந்து வருகிறது. வாரம் ஒருமுறை சென்று துதிப்பாடல் நடத்தித் திரும்புவதாக அன்றி, ஓராண்டு முழுவதும் ஒரே இல்லத்துக்கு, முன்னறிவிப்பின்றி, உணவு வேளையிலும் மாலையிலும் ஓரிரு முறை இரவிலும் செல்வதாக அதனை அமைத்தல் இயலும். இல்லத்தை நடத்துவோரைப் பகைத்துக்கொண்டு இதனைச் செய்யவேண்டியதில்லை. குறைந்த ஊதியத்தில் ஒரே பணியாளர் பதினைந்து பேரைத் தூக்கி இறக்கும் இல்லத்தில், அவருக்குத் துணையாக ஒரு மணிநேரம் வேலை செய்துவிட்டுக் கேட்கும் கேள்விக்கு விடை கிடைக்கும். டவுன்செண்ட் செய்ததும் அதுவே.

திருச்சபையே நடத்தும் இல்லங்களின் நிலை இன்னும் தெளிவானது. ஜெனீவாவின் விதியை அப்படியே எடுத்தாளலாம். நிர்வாகக் குழுவைச் சாராத ஆயர் ஒருவர், மூப்பர் இருவர், அரசு அலுவலர் ஒருவர், காலாண்டுக்கு ஒருமுறை. அவர்களுடைய அறிக்கை பேரவையில் வாசிக்கப்படல் வேண்டும். இதற்குப் புதுச்சட்டம் எதுவும் தேவையில்லை, நிதியும் பெரிதாக வேண்டியதில்லை.

இன்னொரு பதிவேடும் நம் கையிலேயே இருக்கிறது. இல்லங்களில் இறக்கும் கிறிஸ்தவர்களை அடக்கம் செய்ய அழைக்கப்படுபவர்கள் நாமே. பெயரும் வயதும் இடமும் நாளும் நம் கைப்பட எழுதப்படுகின்றன. கடந்த ஐந்தாண்டுகளில் எந்த இல்லத்திலிருந்து எத்தனை பேர், எந்த மாதங்களில், சேர்க்கப்பட்ட எத்தனை நாளில் என்று அடக்கப் பதிவேட்டைப் புரட்டிக் கணக்கெடுக்க ஓர் ஆயருக்கு அரைநாள் போதும்.